‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்று இருந்தால் ஓனர் கேட்பது சரிதான்

நண்பரே, பெங்களூர் பி.டி.எம். லேஅவுட் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட, ஓனர் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்ற வரியைக் காட்டி அவர் பங்கையும் உங்களிடமே கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ‘செவரலி’யை நீங்கள் ‘பலராக’ என்று படித்ததில்தான் சிக்கல். இங்கே அதற்குப் பழைய அர்த்தம், ‘தனித்தனியாக’. அதாவது மூவரும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனியாக முழுத் தொகைக்கும் பொறுப்பு. ஆளுக்கு மூன்றில் ஒன்று என்பது உங்களுக்குள் பேசிக்கொண்ட கணக்கு, ஓனருக்கு அதில் வேலையில்லை. வாடகை 36,000 என்றால் மொத்தத்தையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம் (மூவரிடமும் மூன்று தடவை வாங்க முடியாது, அவ்வளவுதான்).

அந்த வரி இல்லாவிட்டாலும் பெரிதாகத் தப்பியிருக்க மாட்டீர்கள். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் உங்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது: கிளம்பிப்போனவருக்காக நீங்கள் கட்டியதை அவரிடம் கேட்டு வாங்கலாம். அதனால் கையில் காசாகக் கொடுக்காதீர்கள், யுபிஐயில் எந்த மாத வாடகை, யார் பங்கு என்று குறிப்புப் போட்டு அனுப்புங்கள். அப்புறம், அட்வான்ஸில் அவர் போட்டது எவ்வளவு? பெங்களூரில் அது சின்னத் தொகையாக இருக்காதே, அதைக் கேட்டு அவரே போன் பண்ணுவார் பாருங்கள்.