ஆபரேஷன் செய்தும் மூக்கில் பாலிப் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: எனக்கு 41 வயது. மூக்கின் இரண்டு பக்கமும் பாலிப் என்ற சதை வளர்ந்து, இரண்டு முறை எண்டோஸ்கோப் மூலம் எடுத்தாயிற்று. இப்போது மறுபடியும் அடைப்பு, வாசனையே தெரிவதில்லை. பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 'ஈசினோபில் அதிகம்' என்று போட்டிருக்கிறது; அது ஒருவகை வெள்ளை அணுவாம். இன்டர்லூக்கின்தான் காரணம் என்கிறார் டாக்டர். அதற்கு டெஸ்ட் எடுக்கலாமா? மூன்றாவது ஆபரேஷன் தேவையா?

பதில்: ஆபரேஷனில் சதையைத்தான் எடுக்க முடியும், அதை வளர்க்கும் அழற்சி அப்படியே இருக்கும்.

மூக்கின் உட்சவ்வு தொடர்ந்து சீண்டப்படும்போது டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33 போன்ற புரதங்களை வெளியிடும். இன்டர்லூக்கின் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதம். உடனே அங்குள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின் 4, 5, 13 ஆகியவற்றைச் சுரக்கும். இதில் 5 ஈசினோபில்களைப் பெருக்கி, சீக்கிரம் சாகவிடாமல் வைத்திருக்கும். 13 சளியைக் கூட்டும். 4 ஐஜிஇ எனும் அலர்ஜி சார்ந்த எதிர்ப்புப் புரதத்தின் உற்பத்தியைத் தூண்டும். ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர் ஃபைப்ரின் என்ற, ரத்தத்தை உறையவைக்கும் நார்ப்புரத வலையில் சிக்கிக்கொள்கிறது. அந்த வலையைக் கரைக்கும் நொதியும் பாலிப்பில் குறைவு. அதனால்தான் பாலிப் உரித்த திராட்சை மாதிரி பளபளவென்று, நீர் கோத்து இருக்கிறது.

இன்டர்லூக்கினை ரத்தத்தில் தனியாக அளக்க வேண்டாம். அதை வைத்து சிகிச்சை மாறப் போவதில்லை. உங்கள் பயாப்ஸியே போதுமான துப்பு. கூடவே ரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை, மொத்த ஐஜிஇ பாருங்கள். 2020 ஐரோப்பிய வழிகாட்டுதலில் முறையே 250, 100 என்பது எல்லையாக இருந்தது; 2023இல் ஈசினோபில் எல்லையை 150 ஆகக் குறைத்தார்கள். ஆனால் குடல்புழு இருந்தாலும் இவை ஏறும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் ஈசினோபில் இறங்கிவிடும், அதனால் அதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரை போட்டால் மூச்சு இழுக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்றாவது ஆபரேஷனுக்கு முன், ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தினமும் விடாமல் அடித்தீர்களா என்று யோசியுங்கள். பலர் மூக்கு திறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். முதலில் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் கழுவுங்கள். அப்புறம் தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், இடதுக்கு வலது கையால் அடியுங்கள். மருந்து நடுச்சுவரில் படாமல் பக்கவாட்டில் போகும்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் ஊசி மருந்து உண்டு. டுபிலுமாப் இன்டர்லூக்கின் 4, 13 இரண்டின் வேலையையும் தடுக்கும். அமெரிக்காவில் 2019இல் பாலிப்புக்கு அனுமதி கிடைத்தது. மெபோலிசுமாப் இன்டர்லூக்கின் 5ஐத் தடுக்கும், அதற்கு 2021இல். விலை அதிகம், நிறுத்தினால் பாலிப் திரும்பலாம். இரண்டு ஆபரேஷன் முடிந்த உங்களுக்கு இதைப் பேசிப் பார்ப்பது நியாயம்தான். ஆஸ்துமாவும் இருந்தால் இன்னும் கூடுதல் காரணம்.

முன்பு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட நாட்களில் வாசனை திரும்பியதா? அப்படியென்றால் அழற்சியை அடக்கினால் மறுபடி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்காக மருந்துக் கடையில் அதே மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.