கொக்கி இல்லாமல் ரேடியோவால் மட்டும் இணைந்து ஓடும் மெட்ரோ ரயில்களுக்கு 10 மீட்டர் இடைவெளி போதாதா?

கேள்விக்குக் கீழே "சிக்னல்காரர்களின் வீண் பயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் சொல்ல வந்தேன். சிங்கப்பூரில் சிக்னல் சோதனைதான் என் வேலை.

நீங்கள் பொறியியல் மாணவர், இப்படிக் கொக்கி இல்லாமல் ரேடியோவால் ரயில்களை இணைக்கும் விர்ச்சுவல் கப்ளிங்கை ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 80 கி.மீ. வேகத்தில் போகும் ரயில், ஒவ்வொரு நொடியும் அதன் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்ற அளவில் குறைந்தால், நிற்பதற்குச் சுமார் 250 மீட்டர் ஆகும். மூவிங் பிளாக்கில், அதாவது முன் ரயிலோடு சேர்ந்து பாதுகாப்பு இடைவெளியும் நகர்ந்துகொண்டே வரும் சிக்னல் முறையில், முன் ரயில் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, அந்தத் தூரம் முழுவதையும் விடுகிறோம். விர்ச்சுவல் கப்ளிங்கில், முன் ரயிலும் நிற்பதற்குள் கொஞ்சம் ஓடும் என்று அதைக் கழித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி பிரேக் பிடித்தால், தகவல் வந்து சேரும் நேரத்துக்கு மட்டும் இடம் விட்டால் போதும். ஒரு நொடி தாமதத்துக்கு 22 மீட்டர்.

ஒரே மாதிரி பிடிக்காதே! மழை விட்ட ஓர் இரவில், மேம்பாலத்திலிருந்து சுரங்கத்துக்கு இறங்கும் சரிவில் பிரேக் சோதனை செய்தோம். தண்டவாளம் காய்ந்திருந்தபோது நின்ற இடத்தின் குறியையும் தாண்டி ரயில் வழுக்கிக்கொண்டே போனது. சக்கரம் பிடிப்பதும் விடுவதுமாகக் காலடியில் அதிர்ந்தது. கூட இருந்த சீனியர் அண்ணன் கேட்டார்: "முன்னாடி வண்டி சுரங்கத்துக்குள்ள காய்ஞ்ச எடத்துல பிடிச்சு, நாம இங்க ஈரத்துல பிடிச்சா என்னடா ஆகும்?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நொடியும் முன் ரயிலின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டரும் பின் ரயிலின் வேகம் 0.9 மீட்டரும் குறைகிறது என்றால், நிற்கும் தூரத்தில் மட்டும் கிட்டத்தட்ட 70 மீட்டர் வித்தியாசம். தாமதத்தையும் சேர்த்தால் 90. உங்கள் 10 மீட்டர் எங்கே? முன் ரயிலை மெதுவாகப் பிடிக்கச் சொல்லலாம் என்பார்கள். வழக்கமான நிறுத்தத்துக்குச் சரி. அவசர பிரேக் யாரையும் கேட்டுக்கொண்டு விழாது.

2017 நவம்பர் 15 அன்று சிங்கப்பூரின் ஜூ கூன் மெட்ரோ நிலையத்தில் நடந்ததைப் படியுங்கள். அது விர்ச்சுவல் கப்ளிங் இல்லைதான். ஆனால் முன்னால் நின்ற 6 பெட்டி ரயிலை 3 பெட்டி என்று சிக்னல் அமைப்பு எடுத்துக்கொண்டது, பின்னால் நின்ற ரயில் நகர்ந்துபோய் இடித்தது. பலருக்குக் காயம். முன் ரயிலின் வால் எங்கே என்பதே தவறினால் மற்ற கணக்கெல்லாம் எதற்கு?

உடனே என்னைப் பழமைவாதி என்று யாராவது எழுதுவார்கள். 1985இலேயே வான்கூவரில் ஓட்டுநர் இல்லாத ரயில் மூவிங் பிளாக்கில் ஓடியது. அதை மதித்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். கார்கள் ஒட்டிக்கொண்டு போகவில்லையா என்று கேட்காதீர்கள், ரப்பர் டயரின் பிடிப்பு இரும்புச் சக்கரத்துக்குக் கிடையாது.

   

சரி, உங்கள் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். இரண்டு ரயிலுக்கும் ஒரே பிரேக் அளவைப் போடாதீர்கள். முன்னதுக்கு மிகச் சிறந்ததையும் பின்னதுக்கு மிக மோசமானதையும் போடுங்கள். பாதை பிரியும் இடத்துக்கு முன்பே பின் ரயில் முழு பிரேக் தூரத்துக்கு விலகியாக வேண்டும், ஏனென்றால் ரயிலை வேறு பாதைக்குத் திருப்பும் பாயின்ட் திரும்பிப் பூட்டிக்கொள்ளச் சில நொடிகள் பிடிக்கும். இதையெல்லாம் சேர்த்த பிறகும் 10 மீட்டர் வந்தால் இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கிறேன்.