லீவு யாருக்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இந்த மே மாதம் அண்ணன், தங்கை குடும்பங்களோடு ஒன்பது நாள் அம்மா வீட்டில் இருந்தோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினான்கு பேர். குற்றாலம், மணிமுத்தாறு, பாபநாசம், திருச்செந்தூர், நடுவில் ஒரு கல்யாணம், ஏழெட்டுச் சொந்தக்காரர் வீடு, திருநெல்வேலியில் அல்வா என்று ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது எல்லோருக்கும் அலுப்புதான் மிச்சம். பிள்ளைகள் எந்த வீட்டுக்குப் போனாலும் போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவுக்கு 68 வயது. நாங்கள் கிளம்பிய மறுநாள் மூட்டுவலியில் படுத்துவிட்டார்கள். 'லீவு உங்களுக்குத்தான். எனக்கும் அத்தைக்கும் இல்லை' என்கிறாள் மனைவி. மகளோ அடுத்த வருஷம் கொடைக்கானலில் ரூம் போடலாம் என்கிறாள். உங்கள் காலத்தில் கோடை விடுமுறை இப்படியா இருந்தது? குறை போனிலா, எங்களிடமா? அடுத்த வருஷம் என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் போனை விட்டுவிடுவோம். முன்பின் பார்த்திராத ஒரு மாமா வீட்டில், 'எந்த கிளாஸ்டே படிக்கே?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, கலரைக் குடித்து முடித்த பிள்ளை அப்புறம் என்னதான் செய்யும்? அரை மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பப் போகிறோம் என்று அதற்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளையோடு சண்டை போட்டுச் சமாதானமாகும் அளவுக்குக்கூட நேரமில்லை. பெரியவர்களே அங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பீர்கள்.

உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. அம்பாசமுத்திரத்திலிருந்து திருச்செந்தூர் போய், சாமி கும்பிட்டு, கடலில் கால் நனைத்துத் திரும்பவே ஒரு பகல் சரியாகிவிடும். அதற்கு மறுநாளே குற்றாலம் என்றால், சொந்த ஊரை நீங்கள் லாட்ஜ் மாதிரிதான் நடத்தியிருக்கிறீர்கள். காலையில் டிபன், ராத்திரி படுக்கை. லாட்ஜில் வேலைக்கு ஆள் இருப்பார்கள், உங்கள் வீட்டில் அம்மாவும் மனைவியும் இருந்தார்கள்.

எங்கள் காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். அன்பு கூடுதலாக இருந்தது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். பாகப்பிரிவினைச் சண்டையும் 'நீ வந்தபோது நான் என்ன செய்தேன்' கணக்கும் அன்றைக்கும் தாராளமாக இருந்தன. ஆனால் அந்த விருந்தாடல் ஊரின் விவசாயத்தோடு ஒட்டியது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்கிற நெல் போகத்தின் அறுவடை பங்குனியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அடுத்த போகமான கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அணையைத் திறந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வயலில் வேலை ஆரம்பிக்கும். நடுவில் கிடக்கும் சித்திரையிலும் வைகாசியிலும் வீட்டில் நெல் இருக்கும், ஆண்களுக்கு வேலை இருக்காது, பள்ளிக்கூடம் மூடியிருக்கும். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக்கள் பலவும் அந்த நாட்களில்தான் வரும். அதனால்தான் ஒரு மாதம் வந்து தங்கினாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. சம்பளக்காரருக்கு அந்த ஓய்வுக்காலம் கிடையாது, ஒன்பது நாள் லீவுதான் உண்டு. ஒரு மாதத்தில் பரவிக் கிடந்ததை ஒன்பது நாளில் திணிக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. வந்தவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. கோடைதான் வத்தல் போடும் காலம். சீனியவரைக்காய் வத்தல், மிதுக்க வத்தல், மோர் மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே கூழ்வத்தல். வெயில் ஏறும் முன்னால் மாவைக் கிண்டி இறக்கி, பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்துப் போட்டு, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், நனைத்த வேட்டியில் பிழிந்தாக வேண்டும். அண்டாவை ஒரு ஆளால் தூக்க முடியாது. வந்திருக்கும் சித்தியும் மைனியும் பிழிவார்கள். காக்காய் விரட்ட ஒரு குச்சியோடு நிழலில் உட்காருவது பிள்ளைகள் வேலை. காவல் காக்கிறவன் பாதி காய்ந்த வத்தலைப் பிய்த்துத் தின்றுவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் பிழிவார்கள். சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்க இன்னும் நாலு கை வேண்டும். லீவு முடிந்து கிளம்பும்போது ஆளுக்கொரு டப்பா கொண்டுபோவார்கள். அது அவர்களும் சேர்ந்து போட்ட வத்தல்.

அந்தக் கூட்டத்தில் ஆண்கள் எங்கே இருந்தார்கள் என்று உங்கள் மனைவி கேட்டால், வீட்டின் முன்கூடமான தார்சாவில் இருந்தார்கள் என்பதுதான் பதில். சீட்டு, அரசியல், மத்தியானத் தூக்கம். 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று இன்றைக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தார்சாவின் வாரிசுகள் என்பது என் அபிப்பிராயம். அடுப்படியிலிருந்து யாராவது எழுதியிருந்தால் வேறு கதை வந்திருக்கும்.

உங்கள் அம்மா கட்டாயம் ஒருநாள் சொதி, அதுதான் நம் தேங்காய்ப்பால் குழம்பு, வைத்திருப்பார்கள். பிள்ளைகள் வந்திருக்கும்போது சொதி வைக்காத திருநெல்வேலி வீடு ஏது? தேங்காய்களை உடைத்துத் துருவி, அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிய வேண்டும். பாசிப்பருப்பு வேறு வேக வேண்டும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் நறுக்கித் தண்ணிப் பாலில் வேகவைத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகர முடியாது. சேர்த்துக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். பதினான்கு பேருக்கு இதைச் செய்து இறக்க ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். நீங்கள் பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, 'அம்மா கை மணம்' என்று போட்டோ எடுத்து அனுப்பியிருப்பீர்கள். ஐந்து அரிவாள்மனையும் பத்துக் கையும் இருந்த காலத்துச் சமையல் இது. சமையல் மட்டும் மாறாமல் கைகள் இரண்டு ஜோடியாகச் சுருங்கினால் மூட்டு என்ன செய்யும்?

இது உங்கள் வீட்டுக் குறை மட்டும் இல்லை. மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள். இது எல்லா நாளுக்குமான கணக்கு. விருந்தாளி வந்த வீட்டில் மட்டும் தனியாக எடுத்திருந்தால் அந்த 289 எங்கே போய் நிற்கும் என்று உங்கள் மனைவியே சொல்லிவிடுவார்.

சரி, அடுத்த வருஷம் என்ன செய்யலாம்? ஊருக்குப் போங்கள். ஆனால் வெளியே போகும் திட்டத்தைப் பாதிக்கு மேல் வெட்டுங்கள். முதலில் குற்றாலம். மே மாதம் அங்கே வழக்கமாகப் பாறைதான் தெரியும். சீசன் ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு வரும். கோடைமழை பெய்து தண்ணீர் விழுந்தாலும் நம்ப முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. ஆகவே மே மாதத்துக் குற்றாலத்தைப் பட்டியலிலிருந்து தைரியமாக அடித்துவிடலாம்.

அதற்குப் பதில் வீட்டுப் பக்கத்து ஆற்றுக்குப் போங்கள். காலையில் புளியோதரையும் தேங்காய்த் துவையலும் இலையில் கட்டிக்கொண்டு, அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு. கட்டுச்சோற்றை நீங்களும் அண்ணனும் சேர்ந்து தயார்பண்ணுங்கள். புளிக்காய்ச்சலைக் கெடுப்பது கஷ்டம், பயப்படாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது என்றால், பெங்களூரிலேயே கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி மாமா தள்ளிவிடும் முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நீச்சல் தெரிந்தாலும் உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். தாமிரபரணியில் மணல் அள்ளிய குழி எங்கே கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

சொந்தக்காரர் வீடு ஏழெட்டு வேண்டாம், இரண்டு போதும். அந்த இரண்டிலும் ஒரு ராத்திரி தங்குங்கள். முடிந்தால் பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள். பெற்றோர் பக்கத்தில் இல்லாத வீட்டில்தான் பிள்ளைகள் மற்றவர்களோடு பேசத் தொடங்குகிறார்கள், இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். விட்டுப்போன ஐந்தாறு வீட்டுக்காரர்களையும் ஒரு சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பதனியும் நுங்கும் வாங்கி வைத்தால் போதும். அடுப்பே வேண்டாம், அது பனைக்கும் சீசன்தான். மாம்பழம் இருந்தால் இன்னும் நல்லது. வராதவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

சாப்பாட்டில் ஒரு ஏற்பாடு மட்டும் கறாராக இருக்கட்டும். ஒரு வேளை சமையல் முழுக்க ஆண்கள் பொறுப்பு. உப்புமாவாக இருந்தாலும் வாயைத் திறக்காமல் எல்லோரும் சாப்பிட வேண்டும், முக்கியமாக உங்கள் அம்மா அடுப்படிக்குள் வந்து திருத்தக்கூடாது. அவர்களைத் தடுப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. ஒருநாள் அடுப்பை மூடிவிட்டு எல்லோருமாக வெளியே சாப்பிடுங்கள். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டரில் புரோட்டா இருக்கிறது. அந்தப் பெயரில் உள்ள பார்டர் இப்போது கிடையாது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது எல்லை மலைப்பக்கம் நகர்ந்துவிட்டது, புரோட்டா மட்டும் பார்டரிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு சரித்திரப் பாடமும் ஆச்சு.

வத்தல் போடுவதையும் யோசியுங்கள். பத்துப்படி அரிசிக்கு வேண்டாம், ஒரு படிக்குப் போதும். உங்கள் மகள் பிழியட்டும், மகன் இருந்தால் அவனும் பிழியட்டும். போனை வைத்துக்கொண்டே காக்காய் விரட்டினாலும் பரவாயில்லை.

மகளின் கொடைக்கானல் யோசனையை நீங்கள் குற்றமாகச் சொல்லியிருப்பது போல எனக்குப் பட்டது. எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. ஆச்சி அடுப்படியில் நிற்பதையும் அம்மா முணுமுணுப்பதையும் ஒன்பது நாள் பார்த்த பிள்ளை, யாரும் சமைக்க வேண்டாத ஒரு இடத்தைக் கேட்டிருக்கிறாள். ஊரில் ஆறு நாள், கொடைக்கானலில் மூன்று நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி வைப்பார்கள். ஏரியை முழுசாகச் சுற்றினால் ஐந்து கிலோமீட்டர் வரும், அம்மா மூட்டுக்கு ஆகாது, பூங்கா பெஞ்சு போதும். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறார்கள், மே முதல் வாரம் என்றால் மார்ச்சிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். அதில் எத்தனை பேர் என்று போடும்போது அம்மாவையும் சேர்த்து எண்ணுங்கள்.