கை ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது

சின்னத்திரை ஸ்டுடியோக்களில் கேமரா பிடித்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி

கேள்வி: என் பேரன் போனில் ஒரு வீடியோ காட்டினான். வெள்ளைத் தொப்பியும் புதர் மீசையுமாக ஒரு பொம்மைச் சமையல்காரன், புரியாத பாஷையில் பாடிவிட்டுக் கரண்டியைத் தூக்கி எறிகிறான். முகம் பொம்மை, கை மட்டும் அசல் மனுஷக் கை! இது கம்ப்யூட்டர் வேலையா? (ஒரு வாசகி, மன்னார்குடி)

கம்ப்யூட்டர் எல்லாம் இல்லை அம்மா, இரண்டு ஆட்கள் செய்த வேலை. அவன் பெயர் ஸ்வீடிஷ் ஷெஃப், அதாவது ஸ்வீடன் நாட்டுச் சமையல்காரன். 'தி மப்பெட் ஷோ' என்ற நிகழ்ச்சியில் வந்தவன். 1976 முதல் 1981 வரை 120 நிகழ்ச்சிகள் ஓடின. உருவாக்கிய ஜிம் ஹென்சன் அமெரிக்கர்தான். அங்கே பெரிய சேனல்கள் கையை விரித்துவிட்டதால், லூ கிரேட் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளர் பணம் போட, லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் எடுத்தார்கள். பாட்டு, ஆட்டம், ஒவ்வொரு தடவையும் ஒரு பிரபல விருந்தினர், நடுநடுவே இந்த ஆளின் சமையல்.

உங்கள் கண் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. தலையும் குரலும் ஹென்சனுடையவை. கைகள் இரண்டும் ஃபிராங்க் ஓஸ் என்பவருடையவை. ஹென்சன் பொம்மையின் தலைக்குள் ஒரு கையை விட்டு வாயை அசைப்பார். ஓஸ் அவரை ஒட்டி நின்றுகொண்டு, பொம்மையின் சட்டைக் கைக்குள் தன் கைகளை நுழைத்திருப்பார். இருவரும் மேடைக்குக் கீழே. அதற்காகவே அங்கே செட்டைத் தரையில் போடாமல் ஆள் உயரத்துக்குத் தூக்கிப் போடுவார்கள். ஆட்டுகிறவர் பொம்மையைப் பார்ப்பதில்லை, கால்பக்கம் இருக்கும் மானிட்டரைத்தான் பார்ப்பார். அது கண்ணாடி மாதிரி காட்டாது. நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் படத்தில் பொம்மை இடப்பக்கம் போகும். பழகுகிறவரைக்கும் தலை சுற்றும். என் காலத்தில் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் பொம்மை ஆட்ட வந்தவருக்கு டேக் முடிந்தும் கையை இறக்க முடியவில்லை. மேக்கப் உதவியாளர் போய்ப் பிடித்து இறக்கிவிட்டார்.

ஹென்சனின் பொம்மைகளுக்கு மப்பெட் என்றுதான் பெயர். மற்ற மப்பெட்டுகளில் பலவற்றுக்குத் துணிக் கைதான், அதை மெல்லிய கம்பியால் ஆட்டுவார்கள். அந்தக் கையால் டாட்டா காட்டலாம், முட்டை உடைக்க முடியாது. சமையல்காரன் என்றால் எதையாவது பிடிக்கணும், நறுக்கணும், எறியணும். அதனால் கையுறைகூட இல்லாமல் வெறும் மனிதக் கை.

ஆனால் எனக்கு இதில் பிடித்தது வேறு. ஓஸ் குறும்புக்காரர். ஒத்திகையில் இல்லாத எதையாவது கை செய்துவிடும். தலையில் இருக்கும் ஹென்சன் அந்த நொடியிலேயே அதற்கு ஒரு சத்தமோ தலையாட்டலோ கொடுத்தாகணும். திரும்ப அந்த வீடியோவைப் போட்டு, பாட்டை விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் பாருங்கள். கை ஒன்றைச் செய்து முடித்த பிறகு, ஒரு இமைப்பு தாமதமாகத் தலை திரும்பும் இடங்கள் இருக்கின்றன. தன் கையைப் பார்த்துத் தானே அசந்துபோகிற ஆள்! எந்த எழுத்தாளரும் அந்த இமைப்பை எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் அந்தப் பாஷையும் வாய்க்கு வந்தபடி பேசியதுதானா? (கல்லூரி மாணவர், கோவை)

உளறல்தான், ஆனால் உழைத்து உளறியது. ஸ்வீடன் மொழி மாதிரி காதில் விழவேண்டும், ஒரு வார்த்தையும் ஸ்வீடிஷாக இருக்கக் கூடாது. இதற்கென்று ஒரு பயிற்சி டேப்பே வைத்திருந்தாராம் ஹென்சன். வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போதே அந்தப் பாஷையில் கோழி சாண்ட்விச் செய்முறையைச் சொல்லிக்கொண்டு போவார் என்று அவர் மகன் பிரையன் சொல்லியிருக்கிறார். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர்கள் இவரை ஒரு மாதிரி பார்ப்பார்களாம்.

உளறலுக்கும் தாளம் உண்டு தம்பி. நடுவே ஓர் ஆங்கிலச் சொல்லைச் சிதைத்து மிதக்க விடுவார். 'சிக்கி' என்றால் கோழி என்று நமக்குப் புரிந்துவிடும், மிச்சத்தைக் கையில் இருக்கும் வெட்டுக்கத்தி சொல்லிவிடும். டேனி கே என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகர் விருந்தினராக வந்த நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கள். இல்லாத பாஷைகளை மடமடவென்று பேசுவதில் பெயர் எடுத்தவர் அவர். ஷெஃபின் மாமாவாக வந்து பதிலுக்கு உளறுவார். ஒருத்தருக்கொருத்தர் சளைக்கவில்லை.

கேள்வி: ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லையா? (திருநெல்வேலி)

'எங்களுக்கு இதில் ஒன்றும் புரியவில்லை, நார்வேக்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறது' என்று பக்கத்து நாட்டின் மேல் தள்ளிவிட்டார்கள்.

கேள்வி: சமையல் என்று சொல்கிறீர்களே, அவன் ஏதாவது உருப்படியாகச் சமைத்திருக்கிறானா? (குடும்பத்தலைவி, ஈரோடு)

ஒரு தட்டுகூட ஒழுங்காக மேஜைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. டோனட் என்று நம் மெதுவடை போல நடுவில் ஓட்டையுள்ள ஒரு பண்டம் இருக்கிறது இல்லையா, அதற்கு ஓட்டை போட இவன் கப்கேக்கை மேலே எறிந்து பழங்காலத் துப்பாக்கியால் சுடுவான். இன்னொரு முறை சிங்கி இறாலை வேகவைக்கப் போக, அதன் கூட்டாளிகள் மெக்சிகோ கொள்ளைக்காரர்கள் வேஷத்தில் துப்பாக்கியோடு வந்து மீட்டுக்கொண்டு போய்விடும். சாப்பாடுதான் எப்போதும் ஜெயிக்கும். 1988-இல் இவன் படத்தைப் போட்டு அமெரிக்காவில் காலை உணவு ஒன்று விற்றார்கள். எந்த தைரியத்தில் வாங்கினார்களோ!

கேள்வி: நம்முடைய தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் இல்லாத நகைச்சுவையா? வெளிநாட்டுப் பொம்மைக்கு இவ்வளவு பக்கம் எதற்கு? (நாகர்கோவில்)

கோபம் நியாயம். ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த இருவரும் உள்ளே புகுந்து உள்ளூர் வம்பு பேசுவதைப் பார்க்காமல் போன தலைமுறைக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தோல்பாவையில் திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமன், ராவணன், சீதை, இந்த இரண்டு கோமாளிகள் என்று எல்லாக் குரலிலும் பேசுவார். பாவையும் அவர் கையில், கால் கீழே பலகையை மிதித்துச் சத்தம் எழுப்பிக்கொண்டிருக்கும். ஷெஃபில் ஒரே கோமாளிக்கு இரண்டு ஆள். எது கஷ்டம் என்று கேட்டால் நம் ஆள் செய்வதுதான் என்பேன். எதில் விபத்து அதிகம் என்றால் அவர்களுடையது, அந்த விபத்துதான் அங்கே சிரிப்பு.

கேள்வி: அவனுக்குக் கண்ணே இல்லையா? (ஆறாம் வகுப்பு, திருப்பூர்)

புருவத்தைத் தாண்டி வெளியே தெரிந்தால்தானே கண்ணா!

கேள்வி: ஹென்சன் இறந்த பிறகு யார் பேசுகிறார்கள்? (சேலம்)

ஹென்சன் 1990-இல், 53 வயதில் போய்விட்டார். பின்னால் பில் பாரெட்டா என்பவர் ஏற்றுக்கொண்டார். 2004-இல் மப்பெட்டுகள் டிஸ்னி கைக்குப் போய்விட்டன. பாரெட்டா நல்ல கலைஞர், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஹென்சனும் ஓஸும் அடுத்தவரைத் திண்டாட வைத்து ரசித்த அந்தப் பழைய சண்டித்தனம் எனக்குப் பழைய நிகழ்ச்சிகளில்தான் கிடைக்கிறது.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் இதைப் பிள்ளைகளை வைத்துச் செய்யலாமா? (ஆசிரியை, விருதுநகர்)

தாராளமாக, டீச்சர். மேஜையின் முன்பக்கம் வேட்டியைக் கட்டி மறைத்து, இரண்டு பிள்ளைகளையும் பின்னால் மண்டி போட வையுங்கள். சாக்கு, பஞ்சு, தொப்பி கிடைத்தால் தலை தயார். பெரிய சட்டையாக எடுங்கள், கைக்காரருக்கு இடம் வேண்டும். வாய்க்காரர் வகுப்பில் வாயாடி யாரோ அவர். கைக்காரராகக் குறும்புக்காரரைப் போடுங்கள். இருவரும் நெருங்கிய நண்பர்களாக இருந்தால் நல்லது, நடுவில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். சமைக்கப்போகும் பண்டத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். ஒத்திகையில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டாம் என்று கைக்காரரிடம் காதோடு சொல்லிவையுங்கள். முட்டை மட்டும் வேண்டாம். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருப்பார், உருளைக்கிழங்கு போதும்.