போட்டோவைக் கேமராவிலேயே சரியாக எடுக்க வேண்டுமா, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாமா?

எதை அப்புறம் சரிசெய்ய முடியும் என்று தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஃபோகஸ் தவறினாலோ அசைவு பதிந்தாலோ எந்த மென்பொருளும் முழுசாக மீட்டுத் தராது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தை 1/60 நொடி ஷட்டர் வேகத்தில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) எடுத்தால் விரல்கள் கலங்கிவிடும். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டி ஷட்டர் வேகத்தைக் குறைந்தது 1/200 நொடி வையுங்கள். அதனால் கூடும் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிகளை) பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சம்தான் ரொம்ப முக்கியம். வீடியோ லைட் அடித்து மாப்பிள்ளையின் பட்டு வேட்டி ஒரேயடியாக வெளுத்துவிட்டால், அதன் மடிப்புகள் கோப்பிலேயே இருக்காது. கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) கொஞ்சம் குறையுங்கள். இருட்டான பகுதியை ரா கோப்பில் (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வெளிச்சமாக்கிவிடலாம்: 14 பிட் ராவில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள், வழக்கமான சுருக்கிய படக் கோப்பான ஜேபெக்கில் 256தான்.

ஒயிட் பேலன்ஸுக்காக (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறச்சாயலைச் சரிசெய்வது) மண்டபத்தில் நேரத்தைக் கரைக்காதீர்கள். ராவில் எடுத்தால் வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் ஒரே முகத்தில் விழுந்தால் சிக்கல்தான். ஒரு கன்னத்தைச் சரிசெய்தால் மறுகன்னம் நீலமடிக்கும். பெண்ணை ஜன்னல் பக்கம் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்வது அதைவிடச் சுலபம்.