அம்மாவின் போனில் காணாமல் போகும் வாட்ஸ்அப்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சென்ற மாதம் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். அழைப்பு வந்தால் எடுக்கத் தடுமாறுகிறார். வாட்ஸ்அப் அடிக்கடி ‘காணாமல் போய்விடுகிறது’ என்கிறார். போன வாரம் வங்கியிலிருந்து பேசுவதாக யாரோ ஓர் ஆப்பை இறக்கச் சொன்னார்களாம். பயந்துபோய், பழைய பட்டன் போனே போதும் என்கிறார். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அந்த வங்கி அழைப்பை அம்மா உங்களிடம் சொன்னாரே, அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? ‘ஏன் எடுத்துப் பேசினாய்?’ என்று கேட்டிருந்தால், அடுத்த முறை சொல்ல மாட்டார். என் அப்பாவிடம் நான் ஒருமுறை அப்படிக் கத்தினேன். அதன் பிறகு மூன்று மாதம் போனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்!

ஒரே ஒரு விதி போதும்: போனில் பேசுகிறவர் சொல்லி எந்த ஆப்பையும் இறக்கக் கூடாது. உடனே துண்டித்துவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும். அந்த ஆப் பெரும்பாலும் திரையைப் பகிர்வதற்கானது. இறக்கி அனுமதி கொடுத்துவிட்டால், அம்மாவுக்கு வரும் ஓடிபியை அங்கே இருப்பவன் நேராகப் படித்துவிடுவான்; அம்மா வாயைத் திறக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் அறியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் வைக்கும் வசதி உண்டு. தெரிந்தவர்கள் மட்டுமே குழுக்களில் சேர்க்கும்படியும் மாற்றலாம். இரண்டையும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

வாட்ஸ்அப் எங்கும் போகவில்லை. வயதானால் விரல் நுனி உலர்ந்துவிடும். தொடுதிரை விரலின் மின்தன்மையை வைத்துத்தான் தொடுதலை அறிகிறது. உலர்ந்த விரல் அதற்குச் சரியாகப் பிடிபடாது. தொட்டும் வேலை நடக்காததால் அழுத்திப் பிடிக்கிறார்கள். போனோ, ஐகானை நகர்த்தச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் இழுபட்டால் ஐகான் வேறு பக்கம் போய்விடும். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் அணுகல்தன்மை பகுதிக்குப் போய், ‘தொட்டுப் பிடிக்கும்’ நேரத்தை நீளமாக்குங்கள். சாம்சங்கில் முகப்புத் திரையின் அமைப்பையே பூட்டிவைக்கலாம். ஐபோனில் அசிஸ்டிவ் ஆக்சஸ் என்று ஒன்று 2023-இல் வந்தது. சில ஆப்களை மட்டும் பெரிய கட்டங்களாகக் காட்டும். ஆனால் எழுதுவதிலும் படிப்பதிலும் குறை இல்லாத அம்மாவுக்கு அது அதிகப்படி என்பது என் எண்ணம்.

எழுத்தைப் பெரிதாக்குவீர்கள், தெரியும். கடைசி அளவுக்குப் போகாதீர்கள். நான் போனேன். அப்பாவின் வங்கி ஆப்பில் ‘சரி’ பட்டன் திரைக்குக் கீழே போய் மறைந்துவிட்டது. அவர் கால் மணி நேரம் அது வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிரு படி குறைத்துவைத்து, அம்மா திறக்கும் ஒவ்வோர் ஆப்பையும் நீங்களே திறந்து பாருங்கள்.

அழைப்பை எடுப்பது வெறும் பழக்கம். பக்கத்து அறையிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறை கூப்பிடுங்கள். பட்டனைத் தொடுவதா, தள்ளுவதா என்பது போனுக்குப் போன் மாறும். அவருடைய போனிலேயே பழக வேண்டும். ஒலியைக் கூட்டும் பட்டனை அமுக்கினாலே அழைப்பை எடுக்கும்படி சாம்சங் போன்களில் மாற்றலாம். பட்டன் போனுக்குப் பழகிய கைக்கு அது நிம்மதி.

கேள்வி: எனக்கு 71 வயது. விரல்ரேகையைப் போன் ஏற்க மறுக்கிறது. பூட்டே வேண்டாம் என்று எடுத்துவிடலாமா?
- ஒரு மூத்த வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. போன் தொலைந்தால் உங்கள் வங்கியும் புகைப்படங்களும் எடுத்தவர் கையில். வயதாக ஆக ரேகை மேடுகள் தட்டையாகும், தோலும் உலரும், குற்றம் உங்களுடையதல்ல. கையில் கொஞ்சம் கிரீம் தடவி, அது ஊறியதும் ஒரே விரலை இரண்டு முறை பதிவு செய்து பாருங்கள். அப்போதும் படியவில்லையா? ஆறு இலக்க பின் எண் வையுங்கள். பிறந்த தேதி மட்டும் வேண்டாம். அப்புறம், அவசரத் தகவல் பகுதியில் உங்கள் ரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், வீட்டார் எண் ஆகியவற்றை நிரப்பிவிடுங்கள். பூட்டைத் திறக்காமலே உதவிக்கு வருகிறவரால் அதைப் பார்க்க முடியும்.