நீல ஒளியில் கருப்பாகத் தெரிந்தால் புற்றுநோயா? கேள்வி பதில்

கேள்வி: லேசர் வெட்டும், சுடும் என்றுதான் தெரியும். அந்த ஒளியை வாயில் அடித்துப் புற்றுநோயைத் தேடுகிறார்களாமே, நோயை எப்படிக் காட்டும்?

பதில்: வெட்டும் லேசர் வேறு. இதில் சக்தி மிகக் குறைவு, சதை சுடாது. சுமார் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள, நீலம் கலந்த ஊதா ஒளி பட்டால், திசுவிலுள்ள சில மூலக்கூறுகள் அதை வாங்கி, கொஞ்சம் ஆற்றலை இழந்து, வேறு நிறத்தில் திருப்பித் தரும். வாயின் உட்புறத்தில் நல்ல சதை வெளிர்பச்சையாக ஒளிரும். புற்று தொடங்கும் இடத்தில் மேல்படலம் தடித்து, அடியில் ஒளிரும் கொலாஜன் என்ற புரத நார் சிதைந்து, ரத்த ஓட்டமும் கூடும். ரத்தம் இந்த ஒளியை விழுங்கிவிடுவதால் அந்த இடம் மட்டும் இருண்டு தெரியும்.

கேள்வி: அப்பாவின் நாக்கோரத்தில் அப்படி ஒரு கருந்திட்டு தெரிந்ததாம். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

பதில்: அதை வைத்து மட்டும் புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது. கூரான பல் உரசிய புண்ணும், சாதாரண அழற்சியும் அப்படியே இருளும். பல்லைச் சரிசெய்தும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் பயாப்சி (சிறு சதைத்துண்டை எடுத்துச் சோதிப்பது) எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள். எந்த இடத்தில் எடுப்பது என்று சொல்வதுதான் ஒளியின் வேலை. என்ன நோய் என்று சொல்வது பயாப்சிதான்.

கேள்வி: மூளைக் கட்டி அறுவைக்கு முன் ஒரு மருந்தைக் குடித்தால் கட்டி ஒளிரும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். அமினோலெவுலினிக் அமிலம், உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், தண்ணீரில் கரைத்து, மயக்க மருந்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பு கொடுப்பார்கள். தீவிரக் கட்டியின் செல்கள் அதை, நீல ஒளியில் சிவப்பாக ஒளிரும் போர்ஃபிரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெள்ளை வெளிச்சத்தில் கட்டியின் ஓரமும் நல்ல மூளையும் ஒன்றுபோலவே இருக்கும். நுண்ணோக்கியில் நீல ஒளிக்கு மாற்றியதும் நல்ல மூளை நீலமாக நிற்க, கட்டி தணல்போலச் சிவக்கும். ஓரத்துக்குப் போகப்போக வெளிறிய ரோஜா நிறம். அந்த வெளிறிய விளிம்பில்தான் மருத்துவரின் அனுபவம் பேசவேண்டும். 2006இல் வெளியான ஜெர்மனி ஆய்வில், இந்த முறையில், ஸ்கேனில் தெரிந்த கட்டியை முழுதாக அகற்ற முடிந்தவர்கள் 65 சதவீதம். வெள்ளை வெளிச்சத்தில் 36 தான். இதற்குப் பெரும்பாலும் லேசர் தேவையில்லை, வடிகட்டி போட்ட விளக்கே போதும். தீவிரம் குறைந்த கட்டிகள் பல நேரம் ஒளிர்வதே இல்லை. மருந்து குடித்தவர் ஓரிரு நாள் வெயிலில் போகக்கூடாது, தோல் புண்ணாகும்.

கேள்வி: ஆழத்தில் இருக்கும் கட்டி?

பதில்: தெரியாது. நீல ஒளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போவதே அரிது. இண்டோசயனின் பச்சை என்ற சாயத்தை ரத்தத்தில் செலுத்தி அகச்சிவப்பில் பார்த்தால் இன்னும் சில மில்லிமீட்டர். அதற்கும் கீழே என்றால் ஸ்கேன்தான்.